எண்டோமெட்ரியோசிஸும் உடன்வரும் நோய்களும்: கேள்வி-பதில்

கே: எண்டோமெட்ரியோசிஸுடன் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) ஒற்றைத் தலைவலியும் இருக்கிறது. கருத்தடை மாத்திரை உட்கொள்ளலாமா? (பொங்கோல்)

ப: தலைவலிக்கு முன் கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிந்தால், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை வேண்டாம், பக்கவாத அபாயம் கூடும். புரோஜெஸ்டோஜன் ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரைகள் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையில் ஒன்றுமில்லை, ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) என்கிறார்கள். மகளிர் மருத்துவரோ எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார். எது சரி? (உட்லண்ட்ஸ்)

ப: இரண்டுமே சரியாக இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிடம் ஐபிஎஸ் ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்கு அதிகம். மேலும், குடலின் வெளிச்சுவரில் படிந்த திசு, உள்ளே செலுத்தும் கருவியின் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்ற அறிக்கை உங்கள் நோயை மறுக்கவில்லை. என் நெடுநாள் ஆதங்கம் இதுதான்: வயிற்றுக்கு ஒருவர், சிறுநீர்ப்பைக்கு ஒருவர், முதுகுவலிக்கு ஒருவர் என்று தனித்தனியே பார்க்கப்படுகிறதேயன்றி, வலி மாதத்தின் எந்த நாட்களில் மிகுகிறது என்று எவரும் கேட்பதில்லை; இந்நோயைக் கண்டறியப் பல நாடுகளில் 4 முதல் 12 ஆண்டுகள் கழிந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. உங்கள் கடிதத்தில் ஐந்து மாத்திரைகளின் பெயர்கள் இருக்கின்றன, மாதவிடாய்த் தேதி ஒன்றுகூட இல்லை! மூன்று மாதங்களுக்கு மாதவிடாய் தொடங்கிய நாள், வயிறு உப்பிய நாள், மலம் கழிக்கையில் வலித்த நாள் ஆகியவற்றைக் குறித்து, இரு மருத்துவர்களிடமும் அதே தாளைக் காட்டுங்கள்.

கே: சிஏ-125 (இரத்தத்தில் சோதிக்கும் ஒரு புரதம்) அளவு அதிகமாம். புற்றுநோயா? (ஜூரோங் வெஸ்ட்)

ப: வயதையும் ஸ்கேன் முடிவையும் எழுதாமல் இப்படிக் கேட்டால் எப்படி? எண்டோமெட்ரியோசிஸே அந்த அளவை உயர்த்தும், மாதவிடாயும் உயர்த்தும். சினைப்பைப் புற்றுநோய் வாழ்நாளில் 100 பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல் வருகிறது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிடமும் அது நூறில் இரண்டைத் தாண்டுவதில்லை. இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து அஞ்ச வேண்டாம். ஸ்கேன் முடிவுடன் சேர்த்து மருத்துவர் பார்க்கட்டும்.

கே: அடிக்கடி சிறுநீர்த் தொற்று. ஆனால் கிருமி இல்லை என்கிறார்கள். (ஈசூன்)

ப: கிருமி இல்லாதபோது ஆன்டிபயாடிக் எதற்கு? சிறுநீர்ப்பை வலி நோய் எண்டோமெட்ரியோசிஸுடன் அடிக்கடி சேர்ந்து வரும். இங்கும் தேதிகளைக் குறியுங்கள். பலதுறை மருந்தகத்தில் (சிங்கப்பூரின் அரசு பாலிகிளினிக்) காட்டினால் பரிந்துரைக் கடிதம் சரியான பிரிவுக்குப் போகும், அரசு மானியத்துடன் கூடிய கட்டணமும் கிடைக்கும்.

கே: எப்போதும் சோர்வு. இரும்புச்சத்து மாத்திரை பயனில்லை. (தெம்பனிஸ்)

ப: ஃபெரிட்டினுடன் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) தைராய்டையும் சோதியுங்கள், தைராய்டுக் கோளாறும் எண்டோமெட்ரியோசிஸுக்குத் துணையாக வருவதுண்டு. மாத்திரையைக் காலைத் தேநீருடன் விழுங்குகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.