கண்ணுக்குள் புற்றுநோய் மருந்தா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 62 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. கண்ணில் ஒட்டடை மாதிரி மிதக்கிறது என்றார். கோயம்புத்தூரில் காட்டினோம். விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, கண்ணுக்குள் பெவாசிசுமாப் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். அது குடல் புற்றுநோய் மருந்து என்கிறார் மருந்துக்கடைக்காரர். கால் கட்டைவிரலில் ஒரு புண் வேறு இரண்டு மாதமாக ஆறவில்லை. ஊசி போடலாமா?

பதில்: போடலாம், தள்ளிப்போடாதீர்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை.

மூலத்தறை அணையில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வரவில்லை என்றால் என்ன நடக்கும்? ஆளாளுக்குக் கிடைத்த ஓஸைப் போட்டு இழுப்பார்கள், அது வழியெல்லாம் ஒழுகும். அப்பாவின் கண்ணிலும் அதுதான். சர்க்கரையால் நுண்குழாய்கள் அடைபட்டு, ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக்குழாய்களை வரவழைக்கிறது. அவசரத்தில் முளைத்தவை, சுவரில் பலமில்லை. அவர் பார்க்கும் ஒட்டடை அநேகமாக அவற்றில் கசிந்த ரத்தம். அப்படியே விட்டால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடலாம்.

புற்றுநோய்க் கட்டிக்கும் இதே புரதம்தான் கைகொடுக்கிறது. புது ரத்தக்குழாய் இல்லாமல் கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டாது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் 1971-இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. அந்த வழியில் வந்த, இந்தப் புரதத்தை முடக்கும் பெவாசிசுமாப்புக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; கண் மருத்துவர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். குடல் புற்றுநோய்க்கு 60 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஏற்றுவார்கள். கண்ணுக்கு 1.25 மில்லிகிராம், ஒரு சொட்டு. ஊசிக்கு முன் விடும் சொட்டு மருந்தில் கண் மரத்துவிடும், பயப்படுகிற அளவு வலிக்காது. ஆனால் ஒரே ஊசியோடு முடியாது, லேசரும் தேவைப்படலாம்.

சரி, கால் புண். எனக்குக் கண்ணைவிட இதுதான் கவலை. புண் ஆறும்போது உள்ளே சிவப்பாகச் சதை துளிர்க்குமே, அது முழுக்கப் புது நுண்குழாய்கள். சர்க்கரைக்காரர்களுக்கு, வேண்டாத கண்ணில் முளைப்பது வேண்டிய காலில் முளைக்காது. பெரிய குழாயிலும் அடைப்பு இருக்கலாம். இந்த வாரமே காலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பாருங்கள். புண் இருப்பதையும், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் அதையும் கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்ட சில நாட்களுக்குள் கண் வலித்து, சிவந்து, பார்வையும் மங்கினால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். எல்லையில் வேலந்தாவளம் தாண்டுகிற கடைசி பஸ் போய்விட்டதே என்று காலைவரை காத்திருக்காதீர்கள்.