வீட்டைச் சுற்றி என்ன செடி வைத்தால் கொசு, கரையான், பாம்பு வராது?

புது வீட்டுக்குக் குடிபோகிறோம், சுற்றிலும் கொஞ்சம் மண் இருக்கிறது, மருந்து அடிக்காமல் செடி வைத்தே பூச்சிபொட்டு வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கு முடியும். ஆனால் எந்தச் செடியை வைக்கிறோம் என்பதைவிட எதை எங்கே வைக்காமல் விடுகிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. இது எனக்குப் புரிய இரண்டு மழைக்காலம் ஆனது.

திருச்சிக்கு வெளியே வீடு கட்டி வந்த வருடம், நானும் உங்களைப் போலவே நேராக நர்சரிக்குத்தான் போனேன். 'கொசு விரட்டிச் செடி' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். இலையைக் கசக்கி மோந்தால் எலுமிச்சை வாசம். தலைவாசல் பக்கத்தில் தொட்டியில் வைத்தேன். டைல்ஸில் கறை படியக்கூடாதே என்று அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் அக்கா வந்தார். சம்ப், டிரம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டுப் போகிற போக்கில் அந்தத் தட்டில் டார்ச் அடித்தார். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் அத்தனையும் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. "கொசு விரட்டுற செடிக்கு அடியிலயே கொசு வளர்க்கிறீங்களே சார்" என்றார். என் மனைவி அதை இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள்.

விஷயம் இதுதான். அந்த வாசனை எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. கசக்கினால், எரித்தால் வெளியே வரும். சும்மா நிற்கிற செடியிலிருந்து கொசுவை விரட்டும் அளவுக்கு வராது. நொச்சி, துளசி, எலுமிச்சைப் புல் எல்லாவற்றுக்கும் இதே கதை. மாட்டுக் கொட்டகையில் சாயங்காலம் நொச்சித் தழையைப் போட்டு மூட்டம் போட்டார்களே தவிர, நட்டுவிட்டுக் கொசு போய்விடும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சென்னை மாநகராட்சிகூட ஒரு சமயம் நொச்சிக் கன்று விநியோகம் செய்தது. நிழலுக்கும் வேலிக்கும் நல்ல செடி, அவ்வளவுதான்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். நம் ஊர் வெயிலுக்கு 7 முதல் 10 நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நான் தட்டுகளில் மணலை நிரப்பிவிட்டேன். நீர் ஊறுகிறது, தேங்குவதில்லை. தாமரைத் தொட்டி ஆசை இருந்தால் நாலு கப்பி மீனை விடுங்கள், கொசுப்புழுவைத் தின்றுவிடும். அடுப்படித் தண்ணீர் ஒரு மூலையில் குட்டையாக நிற்குமானால் அந்த இடத்தில் கல்வாழையும் சேம்பும் வையுங்கள், நன்றாகக் குடிக்கும். முதல் பெருமழை பெய்ததும் குடையோடு வீட்டை ஒரு சுற்று சுற்றி, எங்கெல்லாம் நீர் நிற்கிறது என்று பாருங்கள். தரைச் சரிவு வீட்டைவிட்டு வெளிப்பக்கம் போக வேண்டும். செடி வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்த தப்பு கரையான் விஷயத்தில். வெயிலுக்கு மண் காயக்கூடாது என்று தென்னை மட்டையையும் சருகையும் பின்பக்கச் சுவரை ஒட்டி மூடாக்காகப் பரப்பினேன். மரத்தடியில் போட்டிருந்தால் பாராட்டலாம். பங்குனியில் பின்வாசல் நிலையின் ஓரமாகப் பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. கத்தி முனையால் சுரண்டினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடுகின்றன. மறுநாள் பார்த்தால் சுரண்டிய இடத்தை அடைத்து வைத்திருக்கின்றன! ஈரம், தீனி, இருட்டு மூன்றையும் நானே கொண்டுபோய்ச் சுவரில் சாத்தியிருக்கிறேன். இப்போது சுவரை ஒட்டி இரண்டடிக்குச் செடியே கிடையாது, வெறும் ஜல்லி. மண் மட்டமும் அடித்தளத்தின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழேதான். பார்க்க மொட்டையாக இருக்கிறது என்று மச்சான் குறை சொன்னார். ஆனால் கரையான் மண்கோடு ஏறினால் உடனே கண்ணில் படும். பூரான், தேள் ஒளிய இடமும் இல்லை. நிலை ஏற்கெனவே அரித்திருந்தால் தோட்டத்தை மாற்றிப் பயனில்லை, மருந்து வைக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

பாம்புக்கு எல்லோரும் சிறியாநங்கையைச் சொல்வார்கள். எங்கள் தெருவில் அது தழைத்து நின்ற ஒரு வீட்டில், அதன் காலடியிலேயே ஒரு சாரை சட்டை உரித்துப் போட்டிருந்தது. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், ஒண்டிக்கொள்ள ஓர் இடத்துக்கும். வீடு கட்டி மிஞ்சிய செங்கல், ஓடு, சாரப் பலகை எல்லாம் பின்னால் குவிந்திருக்கும், 'பின்னால் உதவும்' என்று. முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். புதர்ச்செடிகளைத் தரையிலிருந்து ஓரடிக்குக் கழித்துவிட்டால் அடிமண் கண்ணுக்குத் தெரியும். கட்டுவிரியன் இரவில் நடமாடும், வீட்டுக்குள்ளும் வரும். கதவடி இடுக்கை அடைப்பது எந்த மூலிகையைவிடவும் மேல். குருவிக்குப் போடும் தானியம் இரவில் தரையில் கிடந்தால் எலி வரும், எலியின் பின்னால் பாம்பு வரும். உள்ளே புகுந்துவிட்டால் நீங்கள் கம்பெடுக்க வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தால் வந்து பிடித்துப் போவார்கள்.

மரத்தைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். மொட்டை மாடியைத் தொடும் கிளை எலிக்கும் எறும்புக்கும் பாலம். முருங்கை வேண்டுமென்றால் வேலி ஓரத்தில்தான். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டு இருப்பதை வாசல்படிக்குப் பக்கத்தில் பார்க்க உங்களுக்குப் பிடிக்காது. வெளி விளக்குக்கு வெள்ளையை விட்டு மஞ்சள் வெளிச்சம் போடுங்கள், ஈசலும் வண்டும் குறையும்.

செடி வைத்துப் பலன் கண்டது ஒன்று சொல்ல வேண்டுமென்றால் துலுக்க சாமந்தி. அதுவும் கொசுவுக்கு இல்லை. அதன் வேரிலிருந்து வரும் பொருள் மண்ணில் இருந்துகொண்டு செடியின் வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். கத்தரி, தக்காளிப் பாத்திக்கு இடையில் வைக்கிறேன்.

அந்தக் கொசு விரட்டிச் செடி இன்னும் வாசலில்தான் இருக்கிறது, தட்டு இல்லாமல். டைல்ஸில் நல்ல வட்டமாகக் கறை விழுந்திருக்கிறது.