நாயைப் பிடிக்கத்தான் விடுகிறார்கள், ஊசியைத் தருவதில்லை

கேள்வி: கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பில் இருக்கிறேன். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நாயைப் பிடி, பூனையைப் பிடி என்பதோடு சரி. ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். கை நடுங்கியது, இரண்டு முறை குத்தியும் வரவில்லை. அதன்பிறகு ஊசியே தருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பிடிப்பதைப் போய் 'அதோடு சரி' என்று எழுதிவிட்டீர்களே! முன்னங்காலில் ரத்தம் எடுக்கும்போது பாதி வேலை பிடிப்பவருடையது. அன்று உங்களுக்கு ரத்தம் வராமல் போனதற்கு நாயைப் பிடித்தவரும் காரணமாக இருந்திருக்கலாம்.

வலது முன்னங்காலில் எடுக்கிறார்கள் என்றால், பிடிக்கும் நீங்கள் நாயின் இடப்பக்கம் நிற்க வேண்டும். ஒரு கை தாடைக்கு அடியில் சென்று தலையை உங்கள் தோளோடு அணைக்கட்டும். இன்னொரு கை முதுகைத் தாண்டி வந்து, நாயின் முழங்கையைப் பின்னாலிருந்து ஏந்தி முன்னே தள்ளட்டும். நாய் காலை இழுக்க முடியாமல் செய்வது இந்த உள்ளங்கைதான். பிறகு கட்டைவிரலை முழங்கை மடிப்பின் மேல் வைத்து அழுத்தி, அப்படியே வெளிப்பக்கமாகச் சற்று உருட்டுங்கள். சிரை புடைத்து மேலே வந்து, நழுவாமல் நிற்கும். உருட்டாமல் அழுத்த மட்டும் செய்தால், ஊசி பட்டதும் அது பக்கவாட்டில் ஓடிவிடும். ரத்தம் எடுத்து முடித்ததும் முதலில் கட்டைவிரலைத் தளர்த்த வேண்டும், பிறகுதான் ஊசி வெளியே வர வேண்டும். வரிசை மாறினால் அந்த இடம் வீங்கிவிடும்.

பிடிக்கும் ஒவ்வொரு நாயிடமும், ஊசி யார் கையில் இருந்தாலும், அந்தச் சிரையை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிரையையும் விரல் கண்டுபிடிக்கும். கறுத்த, முடி அடர்ந்த, குண்டான நாய்களிடம் விரலைத்தான் நம்ப வேண்டும்.

இனி ஊசி. நடுக்கம் மனவுறுதியால் போகாது, தாங்கு கொடுத்தால் போகும். சிரிஞ்சு பிடித்த கையின் சுண்டுவிரல் பக்கத்தை நாயின் காலிலேயே ஊன்றிக்கொள்ளுங்கள். நாய் அசைந்தால் உங்கள் கையும் அதோடு அசையும். மற்றக் கையின் கட்டைவிரல் சிரையை ஒட்டி, தோலை இழுத்துப் பிடிக்கட்டும். ஊசியின் வாய் மேல்நோக்கி, தாழ்வான சாய்வில் போகட்டும். ரத்தம் தெரிந்ததும் மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் மெல்லிய சிரை ஒட்டிக்கொண்டு ரத்தம் நின்றுவிடும், சிவப்பணுக்களும் உடையும். கிடைக்கவில்லையா? உள்ளேயே ஊசியைத் திருப்பித் தேடாதீர்கள். இரண்டு முயற்சிக்கு மேல் வேண்டாம், இன்னொருவரிடம் கொடுங்கள். அன்று இரண்டோடு நிறுத்தியது உங்கள் நல்ல குணம்.

ரத்தம் உறையாமல் காக்கும் ஊதா மூடிக் குழாயில் ஊற்றும் முன் ஊசியைக் கழற்றிவிட்டு, நிரப்பியதும் எட்டு பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் அத்தனை பாடும் வீண்.

பூனை வேறு கதை. இறுக்க இறுக்கத் திமிறும். பிடரியைக் கொத்தாகப் பிடிக்கும் பழைய வழக்கம் வேண்டாம். பூனை மருத்துவத்துக்கான ஐ.எஸ்.எஃப்.எம். அமைப்பு அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கத்தோடு சேர்ந்து 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொல்கிறது. ஒரு துண்டும் பொறுமையும் போதும்.

ஊசி திரும்பக் கிடைக்க, 'எனக்கும் வாய்ப்புக் கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பரபரப்பில் யார் காதிலும் அது விழாது. காலையிலேயே அன்றைய பட்டியலைப் பார்த்து, சாதுவான பெரிய நாய் ஒன்றைக் குறிப்பிட்டு, 'இதற்கு நான் எடுக்கட்டுமா, நீங்கள் பிடிப்பீர்களா?' என்று மூத்தவரிடம் கேளுங்கள். அனுபவக்காரர் பிடித்தால் பாதிக் கவலை தீரும். அறுவைக்காக மயக்கத்தில் கிடக்கும் நாயிடம் பழகும் வாய்ப்பையும் விடாதீர்கள். கண்காணிப்புக் கருவி எண்ணைக் காட்டும் முன் தொடையின் உட்புறத்தில் நாடி பாருங்கள், மயக்கத்தின் ஆழத்தை அறியத் தாடையின் இறுக்கத்தைப் பாருங்கள், பிறகு கருவியோடு ஒப்பிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசியை இன்னும் போடவில்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள். பயிற்சி மாணவர்கள் கடிபட்டதை வெட்கப்பட்டு மறைப்பார்கள். நீங்கள் கடிபட்டால் மறைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். முன்தடுப்பு போட்டவருக்கும் கடிக்குப் பின் கூடுதல் ஊசிகள் உண்டு.