ஒரு டஜன் குரோஷே உடுப்புக்கு ஆர்டர் வந்திருக்கிறது, எடுக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் களியக்காவிளை பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் கான்வென்ட் சிஸ்டர்களிடம் கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷே படித்தேன். இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே ஞானஸ்நான உடுப்பும் குல்லாவும் பின்னி விற்கிறேன். ஒரு செட் 900 ரூபாய், நூலுக்கு 350 போகும். பகலில் ஒன்றிரண்டு மணி, பிள்ளைகள் தூங்கின பிறகு இரண்டு மூன்று மணி என்று உட்கார்ந்தால் ஒரு செட் முடிய நாலைந்து நாள் ஆகும். ஆர்டர் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு குழந்தைத் துணிக்கடையில் 40 நாளில் 12 செட் கேட்கிறார்கள். ஒன்றுக்கு 750 ரூபாய், விற்ற பிறகு பணம் என்கிறார்கள். எடுக்கலாமா? கேரளாவுக்கு அனுப்பினால் ஜிஎஸ்டி வேண்டும் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். குரோஷே பொம்மையும் செய்து பார்க்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.

பதில்: தங்கச்சி, அந்தக் கடைக்கு இன்றைக்கே பதில் சொல்ல வேண்டாம். முதலில் ஒரு நோட்டும், கிராம் காட்டும் சின்ன சமையலறைத் தராசும், போனில் இருக்கும் கடிகாரமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

900-ல் நூலுக்கு 350 போக மீதி 550 லாபம் என்றுதான் இதுவரை நினைத்திருப்பீர்கள். லைனிங், ரிப்பன், பட்டன் எல்லாம் சேர்த்து 60 ரூபாய், கவரும் பெட்டியும் 40 ரூபாய் என்று வைத்தாலே செலவு 450 ஆகிவிடுகிறது. மிச்சம் 450. நீங்கள் சொன்ன நேரத்தைக் கூட்டினால் ஒரு செட்டுக்கு ஏறத்தாழ 22 மணி வரும். 450-ஐ 22-ஆல் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய் 45 காசு. கடைக்காரர் சொல்லும் 750-க்குக் கொடுத்தால் மணிக்கு 13 ரூபாய் 64 காசு. ராத்திரி கண் விழித்து, கழுத்து வலிக்க வலிக்கப் பின்னினதுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். காசு எங்கே போகிறது என்று கேட்டீர்கள். எங்கேயும் போகவில்லை, விலையில் உங்கள் நேரத்தை நீங்கள் சேர்க்கவே இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆந்திராவில் நரசாபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் குரோஷே லேஸ் பின்னுகிறார்கள். அது கடல் கடந்து போய் விற்றது, 2024-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. ஆனால் வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலைதானே என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்களின் கூலியை வெகுகாலம் அடிமட்டத்தில் வைத்திருந்தார்கள். நம்ம ஊர்க் கதை வேறு மாதிரி. நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரியாக வந்த மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது திண்டில் வைத்துக் கட்டைகளால் பின்னுவது, குரோஷே இல்லை. அப்போது நம்ம ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். நூல் வேலைக்கு அந்த மதிப்பு உண்டு. ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறேன்’ என்று வாங்க வருகிறவரிடம் நீங்களே சொல்லாதீர்கள்.

சரி, விலை போடும் முறைக்கு வருவோம். பின்னத் தொடங்கும் முன் நூல் உருண்டையைத் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். முடிந்ததும் மிச்சத்தை நிறுத்து எழுதுங்கள். எத்தனை கிராம் போனது என்று தெரிந்துவிடும். மூன்று உருண்டை வாங்கினேன், அதனால் மூன்று உருண்டைக் காசு என்பது கணக்கே இல்லை. நேரத்தையும் இதே மாதிரி எழுதுங்கள், ஆனால் மொத்தமாக எழுதாமல் யோக் (தோளும் மார்பும் வரும் மேல் பகுதி) எத்தனை மணி, பாவாடைப் பகுதி எத்தனை மணி, குல்லா எத்தனை மணி என்று பிரித்து எழுதுங்கள். பிரித்தால்தான் நேரத்தை எது தின்கிறது என்று பிடிபடும். என் கையில் 22 மணி எடுக்கும் ஒரு உடுப்பில் யோக் 7 மணி, குல்லா 3 மணி, பாவாடை மட்டும் 12 மணி. காரணம் எளிது. யோக்கில் வரிசைகள் குட்டையானவை. பாவாடை கீழே இறங்க இறங்க விரியும். கடைசிச் சுற்றுகளில் ஒரு சுற்றுக்கே 200 தையலுக்கு மேல் போகும். ஒரு சுற்று முடித்துப் பார்த்தால் ஒரு விரல் அகலம்கூட ஏறியிருக்காது.

அடுத்து, ஒரு மணிக்கு உங்கள் கூலி எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். தொடக்கத்துக்கு 60 ரூபாய் என்று வைப்போம். 22 மணிக்கு 1,320. செலவு 450 சேர்த்தால் 1,770. பிரித்துப் பின்னுவது, போட்டோ எடுப்பது, போனில் பேசுவது, வீணாகும் நூல் எல்லாவற்றுக்கும் ஒரு பத்து சதவீதம் போட்டால் 1,950-க்குப் பக்கம் வந்து நிற்கும். நீங்கள் 900-க்குக் கொடுக்கும் செட்டின் உண்மையான விலை இதுதான்.

அவ்வளவு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அவர்களுக்கு வருடத்தில் ஏழெட்டு முழு உடுப்பு போதும். மற்றவர்களுக்கு விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். யோக்கை மட்டும் குரோஷேயில் பின்னி, பாவாடைக்கு நல்ல வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருக்கு வைத்துத் தைத்து இணையுங்கள். துணியை வெட்டும் முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்து விடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் துணி சுருங்கி யோக்கை இழுத்துவிடும். இப்படிச் செய்தால் 7 மணி பின்னல், 1 மணி தையல், ஆக 8 மணி. நூல் 120, துணி 150, லைனிங் ரிப்பன் பட்டன் 60, பெட்டி 40, ஆக செலவு 370. கூலி 480. மொத்தம் 850. பத்து சதவீதம் சேர்த்தால் 935, கடைக்கு அதை 950 என்று வைக்கலாம். நம்ம ஊர்ச் சூட்டுக்கு முழுக்கப் பின்னின உடுப்பைவிடக் குழந்தைக்கும் இதுதான் சுகம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். குரோஷேயை அப்படியே பின்னித் தள்ளும் தொழிற்சாலை இயந்திரம் கிடையாது. கடையில் இயந்திரத் துணியாகக் கிடைப்பது அதைப் போலத் தோற்றம் தரும் வேறு பின்னல். கையால் பின்னியது மலிவாக எங்கே கிடைத்தாலும், யாரோ ஒருத்தியின் கூலியைக் குறைத்துத்தான் அந்த விலை வந்திருக்கும். அந்த விலையோடு போட்டி போடப் போகாதீர்கள்.

நூல் வாங்கும்போது லேபிளில் இருக்கும் லாட் நம்பரைப் பாருங்கள், ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கு ஒரே நம்பர் இருக்கும். ஒரு ஆர்டருக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே லாட்டில், ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். நான் தொடங்கின காலத்தில் ஒரு உடுப்புக்கு நூல் பற்றாமல் போய், அதே வெள்ளைதான் என்று கடையில் எடுத்துத் தந்ததை நம்பி வாங்கிப் பின்னினேன். ராத்திரி டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் முற்றத்து வெயிலில் விரித்தபோது இடுப்புக்குக் கீழே பால் நிறம், மேலே சுண்ணாம்பு நிறம். பதினோரு வரிசையைப் பிரித்தேன். அன்றிலிருந்து லேபிளைக் கிழித்து நோட்டில் ஒட்டி வைக்காமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை.

இனி எல்லை விஷயம். உங்களுக்குப் பாறசாலை கூப்பிடு தூரம்தான், ஆனால் வரிச் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லை. மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்பது பொது விதி. இங்கேதான் கைவினைஞர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. அரசு கைவினைப் பொருள் என்று பட்டியலிட்டவற்றை மாநிலம் தாண்டி விற்பவர், மொத்த ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாத வரை, பதிவு இல்லாமலே விற்கலாம். அதற்குப் பான் எண் வேண்டும். சரக்கு போகும்போது இ-வே பில்லும் (ஆன்லைனில் எடுக்கும் சரக்கு வழிச்சீட்டு) வேண்டும், இந்தச் சலுகையில் அனுப்புகிறவருக்கு சரக்கு எவ்வளவு குறைந்த விலையானாலும் அது உண்டு. வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்ணுக்கு எச்எஸ்என் என்று பெயர், பின்னலாடையான குழந்தை உடுப்புக்கு அது 6111-ல் தொடங்கும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு ஆடிட்டரிடம் இந்த எண்ணைச் சொல்லி, உங்கள் உடுப்பு அந்தப் பட்டியலில் அடங்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அடங்கினால் சலுகையில் போகலாம். அடங்காவிட்டால் பதிவு செய்துவிட்டே கேரளக் கடைக்குக் கொடுங்கள். பதிவு செய்ய அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. மாதக் கணக்கு தாக்கல் செய்ய ஆடிட்டருக்குக் கொடுக்கும் காசைத்தான் விலையில் சேர்க்க வேண்டும்.

ஆன்லைன் விற்பனைத் தளங்களில் கடை போடுவதாக இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களும் அங்கே விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். அதாவது களியக்காவிளையிலிருந்து சென்னைக்கு விற்கலாம், பாறசாலைக்கு முடியாது. எல்லையில் இருக்கிற நமக்கு இது இடைஞ்சல்தான்.

அடுத்து அனுப்பும் செலவு. ஸ்பீட் போஸ்ட் கட்டணம் எடையையும் தூரத்தையும் பொறுத்தது. கூரியரில் பெட்டி அளவைக் கவனியுங்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, நிஜ எடையைவிட அது கூடினால் அதையே எடையாக எடுப்பது அவர்கள் வழக்கம். 30, 25, 20 அளவுள்ள பெட்டியில் 400 கிராம் பொம்மையை வைத்தால் 3 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். உடுப்பானால் மடித்துத் தட்டையான கவரில் அனுப்புங்கள். மழைக்காலத்தில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வையுங்கள், நம்ம பக்கத்து ஈரத்தில் வெள்ளை நூலில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

பொம்மை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் காகிதம் முதலில். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவுக்குத் தரும் அட்டைக்குப் பெயர் பெஹ்சான். பொம்மை விற்பதாக இருந்தால் அதை வாங்கிவிட்டே தொடங்குங்கள். கண்காட்சிகளில் கடை கேட்கவும் அது உதவும். கூடவே சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்துவிடுங்கள், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், முழுக்க இலவசம். காசு கேட்கிற இணையதளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண்ணும் மணியும் வைக்கவே வைக்காதீர்கள். கண்ணை நூலால் தையுங்கள். தையல் இடைவெளி வழியாகப் பஞ்சு எட்டிப் பார்த்தால் ஒரு அளவு சின்ன ஊசி எடுத்து மறுபடி பின்னுங்கள். பிஞ்சு விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஓட்டை இருக்கும் டிசைன் போர்வைக்கும் வேண்டாம்.

இப்போது அந்தக் கடை. 40 நாளில் நாளுக்கு 4 மணி என்றால் உங்களிடம் 160 மணி இருக்கிறது. முழுக்கப் பின்னின 12 செட்டுக்கு 264 மணி வேண்டும். எவ்வளவு கண் விழித்தாலும் நடக்காது. யோக் மட்டும் பின்னின உடுப்பு 12-க்கு 96 மணி. குல்லாவும் சேர்த்தால் 132. காய்ச்சல், விருந்தாளி, பள்ளிக்கூட மீட்டிங் எல்லாம் போக இது கைக்குள் நிற்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் குல்லாவை இந்தத் தடவை விட்டுவிடுவேன்.

ஒரு மாதிரி உடுப்பைத் தைத்து நீங்களே நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். விலை 950 என்று சொல்லுங்கள். பேரம் பேசினால் 850 வரை இறங்கலாம், அதற்குக் கீழே இறங்கினால் உங்கள் கூலியிலிருந்துதான் போகும். விற்ற பிறகு பணம் என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதி முன்பணம் வந்த பிறகு நூல் வாங்குங்கள், மீதி சரக்கு கைமாறும்போது. அதே உடுப்பை உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நேரடியாக விற்கும்போது 1,250-க்குக் கீழே போடாதீர்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் அடுத்த தடவை வரமாட்டார். ஒவ்வொரு உடுப்போடும், தனியாகத் துவைத்து நிழலில் விரித்துக் காயவைக்கச் சொல்லி தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்.

அவர் 750-லேயே நின்றால், “சேட்டா, ஆ விலைக்கு பற்றில்ல” (அண்ணா, அந்த விலைக்கு முடியாது) என்று சிரித்துக்கொண்டே சொல்லி, மாதிரி உடுப்பைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். போகிற வழியில் பாறசாலையிலும் நாலு துணிக்கடை இருக்கிறது.