கோர் ஐ7-8700கே: எவ்வளவு வேகம் கூட்டலாம்?

கேள்வி: என் மேசைக் கணினியில் இன்டெல் கோர் ஐ7-8700கே பிராசஸரும் இசட்370 மதர்போர்டும் உள்ளன. வீடியோ எடிட்டிங்கிற்காக அதை ஓவர்கிளாக் செய்ய, அதாவது இயல்பு வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் இயக்க விரும்புகிறேன். எத்தனை வோல்ட் வரை பாதுகாப்பானது?

பதில்: எல்லாக் கோர்களும் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) சேர்ந்து இயங்கும்போது இந்தப் பிராசஸர் இயல்பாகவே 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை செல்கிறது. வெப்பம், வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுவதால், 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டுக்கு உயர்த்தி 4.9 கிகாஹெர்ட்ஸை எட்டினால், 14 சதவீத வேகத்துக்காகச் சுமார் 44 சதவீதம் கூடுதல் வெப்பத்தை நீங்கள் வெளியேற்ற வேண்டியிருக்கும். இது பெட்டியில் கூலர் இல்லாமலேயே விற்கப்பட்ட பிராசஸர் என்பதால், உங்களிடம் இருப்பது சிறிய கூலர் என்றால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். பெரிய இரட்டைக் கோபுர ஏர் கூலரோ 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலரோ பொருத்துங்கள், பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாக இடுங்கள்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு 1.35 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை) வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டுவிடாதீர்கள், பல மதர்போர்டுகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கொடுத்துவிடுகின்றன. பிராசஸரின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கல் எண்ணான மல்டிபிளையரை ஒவ்வொரு படியாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் பிரைம்95 போன்ற கடுமையான சோதனையை நீண்ட நேரம் ஓட்டிப் பாருங்கள். 100 டிகிரி செல்சியஸில் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும், சோதனையின்போது 85 டிகிரிக்குள் நிற்பதே நல்லது. நம் கோடையில் அறை வெப்பம் 10 டிகிரி கூடினால் பிராசஸரின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு கூடும் என்பதால், குளிரூட்டிய அறையில் மட்டும் சோதித்து முடிவுசெய்யாதீர்கள்.