சத்துவாச்சாரி வீடு: மாடி எடுப்பதா, விற்றுவிட்டுப் போவதா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் 1998-இல் கட்டிய தரைத்தள வீடு, 850 சதுர அடி. நான், மனைவி, மூட்டுவலியோடு இருக்கும் அம்மா, பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள். இடம் போதவில்லை. மாடி எடுக்கலாமா, இதை விற்றுவிட்டுக் காட்பாடிப் பக்கம் பெரிய வீடாக வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் தெருவைப் பற்றியோ அக்கம்பக்கத்தைப் பற்றியோ ஒரு குறையும் இல்லை. அறை போதவில்லை என்பது மட்டும்தான் குறை. அதனால் என் மனம் மாடிப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அதற்கு உங்கள் அஸ்திவாரம் சம்மதிக்க வேண்டும்.

மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் காட்டி, "இன்னும் ரெண்டு மாடி தாங்கும் சார்" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கம்பி, வீடு கட்டியவரின் ஆசையைத்தான் காட்டும். பூமிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காட்டாது. இத்தனை வருட மழையில் அதுவும் துருப்பிடித்திருக்கும். எனவே முதல் செலவு ஒரு குழிக்கு. மூலையில் உள்ள ஒரு பில்லரை ஒட்டி, அடிப்பாகம் தெரியும்வரை தோண்டச் சொல்லுங்கள். அடியில் ஃபுட்டிங் (பில்லரைத் தாங்கும் அகலமான அடித்தளம்) எத்தனை அடி அகலம், அது உட்கார்ந்திருப்பது கிராவல் மண்ணா, களிமண்ணா என்று கட்டமைப்புப் பொறியாளர் நேரில் இறங்கிப் பார்க்கட்டும். பில்லரே இல்லாமல் செங்கல் சுவர்மேல் நிற்கும் வீடாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். சுவர் நன்றாக இருந்தால் ஒரு தளம் போட வழி இருக்கும். மேல்சுவர் மட்டும் கீழ்ச்சுவருக்கு நேர் மேலே வர வேண்டும்.

அப்புறம் குளியலறைக் கூரையைப் பாருங்கள். பூச்சு உதிர்ந்து கம்பி பழுப்பாகத் தெரிகிறதா? சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொக்கென்று சத்தம் வருகிறதா? ஜன்னல் மூலையில் சாய்வாக விரிசல் இருந்தால், அதன் குறுக்கே கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி, மேலே தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழித்து அது பிளந்திருந்தால் வீடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் மாடி வேண்டவே வேண்டாம். விற்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

விற்று வாங்குவதில் பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று பத்திரச் செலவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். அந்தப் பணத்தில் ஒரு செங்கல்கூட ஏறாது. தரகர் கமிஷன், சாமான் மாற்றும் செலவு தனி. விற்ற லாபத்துக்கு வரி உண்டு. ஆனால் உரிய காலத்துக்குள் வேறு வீட்டில் போட்டால் வருமான வரிச் சட்டம் விலக்கு தருகிறது. விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

காட்பாடியில் வீடு பார்த்தால் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் மட்டும் போதாது. ஆற்றை ஒட்டிய தெருவாக இருந்தால், 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். மே மாதத்தில் போர்வெல்லில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

மாடி என்று முடிவானால், மாநகராட்சி அனுமதிக்குப் பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். வேலூர் மாநகராட்சி ஆனதே 2008-இல்தான். உங்கள் தாளில் அப்போதிருந்த உள்ளாட்சியின் முத்திரைதான் இருக்கும். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அம்மா கீழேயே இருக்கட்டும். அவர் அறைக்கு ஒட்டிய கழிவறையில் மேற்கத்திய கோப்பையும் கைப்பிடியும் வைக்க இதுதான் நேரம். மேலே தளம் வந்தால் கீழ் அறைகளில் வெயில் கடுமை நன்றாகக் குறையும். வேலூர் மே மாதத்தில் அவருக்கு அது பெரிய நிம்மதி. அந்த வெயில் பிள்ளைகள் தலைக்கு மாறும் என்பதால், மேல்கூரையில் வெப்பம் தடுக்கும் ஓடு பதிப்பதை இப்போதே மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

படிக்கட்டு வெளியே இருந்தால், பிள்ளைகள் வளர்ந்து போனபின் மாடியை வாடகைக்கு விடலாம். சி.எம்.சி. மருத்துவமனையும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் இருக்கும் ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் இப்போது ராத்திரியில் பிள்ளைகள் வெளிப்படி ஏறித்தான் படுக்கப் போக வேண்டும். நானாக இருந்தால் படியை உள்ளே வைத்து, வாசல் பக்கம் பிற்காலத்தில் ஒரு கதவு திறக்கிற மாதிரி சுவரில் இடம் விட்டுவைப்பேன்.

குழியை வடகிழக்கு மழைக்கு முன்பே தோண்டிவிடுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் மண்ணைச் சரியாகப் பார்க்க முடியாது.