நீல அங்கி, உபயம்

கேள்வி: இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தர்மப் பள்ளிகள் நடத்தி, சீருடையும் இலவசமாகக் கொடுத்தார்களாமே? ஏழை, பணக்காரன் பேதத்தை ஒழிக்கத்தானே?

பதில்: ஒழிக்க அல்ல, ஊருக்குக் காட்ட! கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வராதபடி ‘உபயம்’ எழுதிவைக்கும் அன்பர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பல வருடச் சண்டை. லண்டன் உபயதாரர்கள் அவர்களையும் மிஞ்சியவர்கள். டியூப்லைட் இல்லாத காலம். பிள்ளைகள் மேலேயே எழுதிவிட்டார்கள்.

1552-ல் தொடங்கிய கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் (பெயரைப் பார்த்து ஊசி போடுவார்களோ என்று பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடம்தான்) பிள்ளைகளுக்கு நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் மாட்டிவிட்டது. நீலம், மலிவான சாயம் என்பதால். மஞ்சளுக்கு எலி அண்டாது என்று ஒரு கதை உண்டு. எங்கள் அலுவலகத்து எலிகளுக்கு இந்தக் கதை எட்டவில்லை. கல்யாண வீட்டு மஞ்சள் பையைத்தான் முதலில் கடிக்கின்றன.

1698-க்குப் பிறகு பேட்டைக்குப் பேட்டை தர்மப் பள்ளிகள் முளைத்தன. நீலம், பச்சை, சாம்பல் என்று அங்கிகள். தெருவில் பையன் கல்லெறிந்தால், எந்தப் புண்ணியவான் வீட்டுச் சோறு என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். 1782 முதல் வருடம் ஒரு நாள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை செயின்ட் பால் தேவாலயத்தில் அடுக்கடுக்காக உட்காரவைத்துப் பாடவைத்தார்கள். 1792-ல் அதைக் கேட்ட இசைமேதை ஹைடன் உருகிப்போனார். நானும் உருகியிருப்பேன். பாட்டின்மேல் எனக்கு என்ன பகை?

இந்த அரைகுறைத் தர்மமே சிலருக்குப் பொறுக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை படித்துவிட்டால் கடினமான வேலைகளுக்கு ஆள் எங்கே என்று 1723-ல் மேண்டவில் என்ற டாக்டர் கட்டுரையே எழுதினார். தர்மவான்கள் பதறிப்போய், வேதமும் பணிவும்தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்று சமாதானம் சொன்னார்கள்.

அங்கி கொடுக்காத ஒருவரும் இருந்தார். போர்ட்ஸ்மத்தில் செருப்புத் தைத்த ஜான் பவுண்ட்ஸ். கப்பல்துறையில் வேலை பழகியபோது விழுந்து, கால் ஊனமானவர். சின்னஞ்சிறு பட்டறை, அதில் முப்பது, நாற்பது பிள்ளைகள். இவர் செருப்புத் தைத்துக்கொண்டே பாடம் சொல்வார். சட்டை எவ்வளவு கிழிந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இடம். வர மறுத்துத் துறைமுகத்தில் திரியும் பையனுக்குச் சூடான உருளைக்கிழங்கை நீட்டிக் கூப்பிடுவாராம். 1839-ல் இறக்கும்வரை இப்படித்தான்.

உருளைக்கிழங்கில் உபயம் எழுத முடியாது. எழுதினாலும் பையன் அதையும் சேர்த்துத் தின்றிருப்பான்.